செயற்கைக்கோள் படத்தில் தாது தேடும் முறை: சேலத்து வெள்ளைக்கல்லை வைத்து ஒரு பயிற்சி

விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள் மண்ணுக்கடியில் கிடக்கும் தங்கத்தைப் பார்த்துவிடும் என்று நம்பிக்கொண்டு இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது நடக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சூரிய ஒளியின் எதிரொளிப்பைப் பதிவு செய்யும் உணர்விகள் தரையின் மேல்தோலை மட்டுமே, அதுவும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தை மட்டுமே அறிகின்றன. ஒரு டன் பாறையில் சில கிராம் தங்கம் இருந்தாலே அது தோண்டத் தகுந்த தாது எனும்போது, 30 மீட்டர் பக்கமுள்ள ஒரு பிக்சலில் (படத்தின் மிகச் சிறிய கட்டத்தில்) அந்தத் தங்கத்தின் தடயம் எதுவும் பதியாது. படத்தில் நமக்குக் கிடைப்பவை தாதுவை உண்டாக்கிய நிகழ்வு அக்கம்பக்கத்துப் பாறைகளில் விட்டுச்சென்ற அடையாளங்கள்தாம்: வெந்நீர்க் கரைசல் ஊடுருவியதால் களிமண்ணாக மாறிய பாறை, துருப்பிடித்த இரும்பு, கரைசல் ஏறிவந்த பிளவுக்கோடு, தாதுவைத் தாங்கும் பாறையின் நிறமும் வடிவமும். இந்த அடையாளங்களைக் கொண்டு ஆயிரம் சதுர கிலோமீட்டரை, காலால் நடந்து பார்க்கக்கூடிய பத்துப் பதினைந்து இடங்களாகச் சுருக்குவதே இந்த வேலையின் நோக்கம்.

இதைக் கற்க நான் பரிந்துரைக்கும் வழி, விடை ஏற்கெனவே தெரிந்த ஓரிடத்தில் தொடங்குவது. தெரியாத நிலத்தில் தொடங்குகிறவருக்குத் தன் படம் சரியா தவறா என்பதே தெரியாது. தமிழ்நாட்டில் இந்தப் பயிற்சிக்குச் சேலத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. நகரின் வடமேற்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மேக்னசைட் என்னும் மக்னீசியம் கார்பனேட் கல் எடுக்கப்படும் வெள்ளைக் கரடுகள் இருக்கின்றன. அந்தக் கல்லின் பெயரிலேயே அங்கே 'மேக்னசைட் ஜங்ஷன்' என்று ஒரு ரயில் நிலையம் உண்டு. நகரின் தென்மேற்கே மேக்னடைட் இரும்புத்தாது அடுக்குகளைக் கொண்ட கஞ்சமலை நிற்கிறது. ஒன்று வெளுத்த தாது, மற்றொன்று கறுத்த தாது. ஒரே படச் சட்டகத்துக்குள் இரண்டும் அடங்கிவிடுகின்றன.

ஒளி கனிமத்தைக் காட்டிக்கொடுக்கும் விதம்

ஒவ்வொரு கனிமமும் சில அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அதையடுத்த அண்மை அகச்சிவப்பிலும் இந்த உறிஞ்சுதலுக்குப் பெரும்பாலும் இரும்பே காரணம். இரும்பு ஆக்சைடான ஹெமடைட் நீல ஒளியை விழுங்கிச் சிவப்பைத் திருப்பியனுப்புகிறது, 0.86 மைக்ரோமீட்டரை ஒட்டி இன்னொரு பள்ளத்தையும் (ஒளி உறிஞ்சப்பட்டு எதிரொளிப்பு தாழும் இடம்) காட்டுகிறது. துருவின் மற்றொரு வகையான கோதைட்டின் பள்ளம் சற்று விலகி 0.9 மைக்ரோமீட்டரைத் தாண்டி விழும். குறுவலை (குறுகிய அலைநீள) அகச்சிவப்பில், குறிப்பாக 2.1 முதல் 2.4 மைக்ரோமீட்டர் வரை, களிமண் போன்ற ஹைட்ராக்சில் கனிமங்களும் சுண்ணாம்புக்கல் போன்ற கார்பனேட்டுகளும் தத்தம் கையெழுத்தைப் போடுகின்றன: அலுனைட் 2.17, கயோலினைட் 2.16இலும் 2.20இலும் இரட்டைப் பள்ளம், செரிசைட் எனப்படும் நுண் மஸ்கோவைட் 2.20, மேக்னசைட் 2.30, டோலமைட் 2.32, கால்சைட் 2.34, குளோரைட்டும் எபிடோட்டும் 2.33 முதல் 2.35 வரை. இந்த எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை; ஆனால் மேசையில் ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். எந்தச் செயற்கைக்கோளைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு அந்தத் தாளே பதில் சொல்லும்.

1982இல் ஏவப்பட்ட அமெரிக்கச் செயற்கைக்கோள் லேண்ட்சாட் 4 முதற்கொண்டு இந்தத் தொடரில் 2.2 மைக்ரோமீட்டரை ஒட்டி ஒரு பட்டை (குறிப்பிட்ட அலைநீள வீச்சை மட்டும் பதியும் அலகு) இடம்பெற்றதே நிலவியலாளர்களின் வற்புறுத்தலால்தான். ஆனால் அது 2.08 முதல் 2.35 வரை ஒரே அகலமான சன்னல். களிமண் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எந்தக் களிமண் என்று சொல்லாது. ஐரோப்பாவின் சென்டினல்-2இன் நிலையும் அதுவே: அதன் 13 பட்டைகளில் 12ஆம் பட்டை ஒன்றுதான் இந்த வீச்சைத் தொடுகிறது. இதைப் பிரித்துப் பார்த்த கருவி, 1999 டிசம்பரில் டெர்ரா செயற்கைக்கோளில் ஏறிய ஜப்பானியக் கருவியான ஆஸ்டர். கண்ணுறு ஒளிக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் 15 மீட்டரில் மூன்று பட்டைகள், குறுவலை அகச்சிவப்புக்கு 30 மீட்டரில் ஆறு, வெப்ப அகச்சிவப்புக்கு 90 மீட்டரில் ஐந்து என அதற்கு 14 பட்டைகள். அதன் குறுவலைப் பகுதி 2008 ஏப்ரலில் பழுதாகிவிட்டது. ஆகவே ஆஸ்டர் படம் தேடும்போது 2008 ஏப்ரலுக்கு முந்தைய தேதிகளையே தேட வேண்டும். பாறை இருபது ஆண்டில் மாறிவிடாது என்பதால் பழைய படம் என்று தயங்க வேண்டியதில்லை.

படம் எடுத்தல், தேதி தேர்தல்

மென்பொருளுக்குச் செலவு கிடையாது. க்யூஜிஐஎஸ் போதும், அதனுடன் ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஸ்னாப் இருந்தால் வசதி. சென்டினல்-2 படங்களைக் கோபர்னிகஸ் தளத்திலும், லேண்ட்சாட் படங்களை அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்திலும், ஆஸ்டர் படங்களை நாசாவின் எர்த்டேட்டா தளத்திலும் பதிவு செய்துகொண்டு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். லேண்ட்சாட் 2008 முதலும் ஆஸ்டர் 2016 ஏப்ரல் முதலும் எல்லோருக்கும் இலவசம். இவற்றோடு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்திலிருந்து நிலவியல் வரைபடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நிலவியல் வரைபடம் இல்லாமல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்காருவது, நோயாளியின் பழைய சீட்டு எதையும் பார்க்காமல் மருந்து எழுதுவதைப் போன்றது.

தேதியைத் தேர்வதில் அவசரம் கூடாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கரட்டுப் புதர்கள் இலையுதிர்த்து, கோடைமழை இன்னும் தொடங்காத பிப்ரவரி பிற்பாதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையிலான நாட்களே சேலத்துக்கு உகந்தவை. நவம்பர் படத்தில் பாறையாகத் தெரியாத இடம் மார்ச் படத்தில் அப்பட்டமாகத் தெரியும். மேகம் பத்து விழுக்காட்டுக்குக் குறைவு என்று வடிகட்டித் தேடலாம். ஆனால் அந்தப் பத்து விழுக்காடும் உங்கள் மலையின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கக்கூடும், எனவே முன்னோட்டப் படத்தை ஒருமுறை கண்ணால் பாருங்கள். சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை வருவதால் ஒரு பருவத்தில் நான்கைந்து நல்ல படங்களாவது கிடைக்கும். இரண்டை எடுத்துக்கொண்டு ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவது நல்லது. இரண்டிலும் ஒரே இடத்தில் தெரிவதை நம்பலாம்.

இங்கே சேலத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. யூடிஎம் எனப்படும் வரைபட வீழல்முறையில் 43ஆம் மண்டலமும் 44ஆம் மண்டலமும் கிழக்கு 78 பாகையில் சந்திக்கின்றன. வெள்ளைக் கரடு 78.15 பாகையை ஒட்டி இருப்பதால் 44இல் விழுகிறது. மேட்டூர் 43இல் விழுகிறது. இரண்டையும் உள்ளடக்கிய பகுதியைப் பார்க்க விரும்பினால், இரண்டு மண்டலப் படங்களையும் ஒரே வீழலுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். அப்போதும் பிக்சல் மதிப்புகளைச் சராசரியாக்காத 'அருகிலுள்ள பிக்சல்' முறையையே தேருங்கள். சராசரி முறை படத்தை அழகாக்கும், கையெழுத்தைக் கலங்கடித்துவிடும்.

கணக்குக்கு முந்தைய துப்புரவு

வளிமண்டலத்தின் தாக்கம் நீக்கப்பட்ட தரைமட்ட எதிரொளிப்புப் படத்தையே பயன்படுத்துங்கள். சென்டினல்-2இல் அது இரண்டாம் நிலைத் தயாரிப்பு. அதில் புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது விழும் ஒரு குழி இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் வெளியாகும் படங்களில் ஒவ்வொரு பிக்சல் எண்ணோடும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. அதைக் கழித்துவிட்டு 10,000ஆல் வகுத்தால்தான் உண்மையான எதிரொளிப்பு கிடைக்கும். ஒரு பிக்சலில் சிவப்புப் பட்டையின் எண் 3200, நீலப் பட்டையின் எண் 2100 என்று வைத்துக்கொள்வோம். அப்படியே வகுத்தால் 1.52 வருகிறது, 1000 கழித்து வகுத்தால் 2200க்கு 1100, அதாவது 2.0. முதல் எண்ணைப் பார்த்தவர் சாதாரண மண் என்று கடந்துபோவார். இரண்டாம் எண்ணைப் பார்த்தவர் இரும்பு என்று நிறுத்துவார். லேண்ட்சாட் படத்திலும் இதேபோல் எண்ணை 0.0000275ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும். ஆஸ்டரில் வேறு வகைக் கோளாறு: 4ஆம் பட்டையின் ஒளி 5ஆம், 9ஆம் பட்டைகளுக்குள் கசிந்திருக்கும். கசிவு திருத்தப்பட்ட தயாரிப்பு என்று குறிப்பிடப்பட்டதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, பசுமையை மறைக்க வேண்டும். பசுமைக் குறியீட்டைக் (அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தது) கணக்கிட்டு, 0.3க்கு மேலுள்ள பிக்சல்களைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். இந்த எல்லையைக் கல்லில் எழுதியதாகக் கொள்ள வேண்டாம். உங்கள் படத்தில் 0.25 பொருந்துகிறதா 0.35 பொருந்துகிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம். நீர்நிலைகள், மேகம், மேக நிழல் ஆகியவற்றையும் நீக்கிவிடுங்கள். இந்தத் துப்புரவைச் செய்யாமல் வகுத்தல் கணக்குக்குப் போனால், செழித்த வாழைத்தோட்டம் முழுவதும் களிமண் கனிமமாக ஒளிரும். ஏனென்றால் இலையிலுள்ள நீரும் 2.2 மைக்ரோமீட்டர் ஒளியை நன்றாக உறிஞ்சுகிறது.

பட்டைகளை வகுத்தல்

இந்தத் துறையின் மிக எளிய கருவி வகுத்தல்தான். எனக்கு இன்றும் மிகப் பிடித்தது அதுவே. ஒரு கனிமம் அதிகமாக எதிரொளிக்கும் பட்டையை அது உறிஞ்சும் பட்டையால் வகுத்தால், அந்தக் கனிமம் உள்ள பிக்சல் பிரகாசமாகிறது. வெயில் விழும் சரிவில் சிவப்பு 0.30, நீலம் 0.15 என்றும், அதே பாறையின் நிழற்சரிவில் 0.12, 0.06 என்றும் இருந்தாலும் விடை இரண்டிலும் 2தான். மலைச்சரிவின் வெளிச்ச வேறுபாடு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. கஞ்சமலை போன்ற செங்குத்தான இடத்தில் இது பெரிய உதவி.

சென்டினல்-2இல் இரும்பு ஆக்சைடுக்கு 4ஆம் பட்டையை 2ஆம் பட்டையால் வகுக்க வேண்டும். களிமண்ணுக்கும் கார்பனேட்டுக்கும் சேர்த்து 11ஐ 12ஆல் வகுக்க வேண்டும். லேண்ட்சாட் 8, 9இல் அவற்றுக்கு இணையானவை 4க்கு 2, 6க்கு 7. ஆஸ்டரில் இன்னும் நுணுக்கமாகப் போகலாம்: உறிஞ்சும் பட்டைக்கு இருபுறமும் உள்ள தோள்களைக் கூட்டி, நடுவிலுள்ள பள்ளத்தால் வகுப்பது. 4ஐயும் 6ஐயும் கூட்டி 5ஆல் வகுத்தால் அலுனைட்டும் கயோலினைட்டும். 5ஐயும் 7ஐயும் கூட்டி 6ஆல் வகுத்தால் செரிசைட். 7ஐயும் 9ஐயும் கூட்டி 8ஆல் வகுத்தால் கார்பனேட், குளோரைட், எபிடோட்.

இந்த மூன்று கணக்குகளையும் சிவப்பு, பச்சை, நீலமாக ஒரே படத்தில் போட்டுப் பார்க்கும் வழக்கம் செப்புத் தாதுத் தேடலிலிருந்து வந்தது. பார்ஃபிரி எனப்படும் செப்புப் படிவுகளில் வெந்நீர்க் கரைசல் ஏறிவந்த மையத்தைச் சுற்றிப் பாறை வளையம் வளையமாக மாறியிருக்கும்: உள்ளே பொட்டாசியம் மிகுந்த பாறை, அதைச் சுற்றிச் செரிசைட், சில இடங்களில் கயோலினைட்டும் அலுனைட்டும், வெளிவட்டத்தில் குளோரைட்டும் எபிடோட்டும். இந்த வளைய அமைப்பை லோவெல், கில்பர்ட் என்னும் இருவர் 1970இல் வகுத்துக் காட்டினார்கள். ஆஸ்டரின் 5, 6, 8ஆம் பட்டைகள் அந்த வளையங்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்தவைபோல அமைந்துவிட்டன. சிலியின் அட்டகாமாவிலும் ஈரானின் கெர்மான் பகுதியிலும் செடி கொடியற்ற மலைகளில் இந்த வளையங்கள் படத்திலேயே தெரியும். பாலைவனத்தில் எழுதப்பட்ட அந்தச் சூத்திரங்களை முட்புதரும் செம்மண்ணும் நிறைந்த நம் நிலத்தில் அப்படியே போட்டுவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று கைவிடுகிறவர்கள் பலர். தவறு சூத்திரத்தில் இல்லை.

வெள்ளைக் கரட்டில் செய்து பார்த்தல்

சேலத்து மேக்னசைட் டியூனைட் போன்ற மக்னீசியம் மிகுந்த பாறைகளுக்குள் வலைப்பின்னல்போல் ஓடும் வெள்ளை நரம்புகளாக இருக்கிறது. ஆகவே நாம் தேட வேண்டியவை இரண்டு: வெள்ளை நரம்பும், அதைத் தாங்கும் கரும்பச்சைப் பாறையும். ஆஸ்டரின் 8ஆம் பட்டை 2.295 முதல் 2.365 மைக்ரோமீட்டர் வரை பரவியிருப்பதால் மேக்னசைட்டின் 2.30 பள்ளம் அதற்குள் விழுகிறது. சாதாரண மண்ணில் 7, 8, 9ஆம் பட்டைகள் 0.30, 0.29, 0.28 என்று இருந்தால் 7, 9இன் கூட்டுத்தொகையை 8ஆல் வகுக்க 2.0 வரும். மேக்னசைட் கலந்த பிக்சலில் 8ஆம் பட்டை 0.24ஆக இறங்கினால் விடை 2.4ஐத் தாண்டும். கரட்டின் மீது இந்தக் கணக்கைப் போட்டதும் சுரங்கப் பகுதி எழுந்து நிற்பதைக் காணலாம்.

மகிழ்ச்சி அதோடு நின்றுவிடக்கூடாது. டியூனைட் நீரேற்றம் பெற்று உண்டாகும் செர்பென்டைனின் பள்ளம் 2.32இல் இருக்கிறது, கால்சைட்டும் டோலமைட்டும் குளோரைட்டும்கூட இதே 8ஆம் பட்டைக்குள்தான் விழுகின்றன. அதாவது இந்த ஒரு கணக்கு ஐந்து பேரை ஒரே பெயரால் அழைக்கிறது. பிரித்தறிய வெப்ப அகச்சிவப்புக்குப் போக வேண்டும். கார்பனேட்டுகள் 11.2 மைக்ரோமீட்டரை ஒட்டிக் குறைவாக வெப்பத்தை உமிழும். அது 14ஆம் பட்டைக்குள் விழுவதால் 13ஐ 14ஆல் வகுத்தால் கார்பனேட் மேலே வரும், செர்பென்டைன் வராது. 12ஆம் பட்டையை 14இன் முப்படியால் பெருக்கி 13இன் நான்காம் படியால் வகுக்கும் கணக்கு டியூனைட் போன்ற சிலிக்கா குறைந்த பாறையைக் காட்டும். இந்தக் கணக்குகளின் விடைகள் மிகச் சிறிய வீச்சுக்குள்ளேயே நெருங்கியிருப்பதால், காட்சி வீச்சைச் சுருக்கி அமைக்காவிட்டால் படம் ஒரே சாம்பலாகத் தெரியும். 90 மீட்டர் பிக்சல் பெரிதுதான். ஆனால் கரடு பல சதுர கிலோமீட்டர் பரந்திருப்பதால் இங்கே அது தடையாவதில்லை. 8ஆம் பட்டைக் கணக்கும், வெப்பக் கார்பனேட் கணக்கும், சிலிக்கா குறைந்த பாறைக் கணக்கும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடங்களை மட்டும் தனிப் படலமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணுக்கு மேல் ஏற்பது என்ற கேள்விக்கு, மறைக்கப்படாத பிக்சல்களின் சராசரியோடு திட்டவிலக்கத்தின் இரு மடங்கைக் கூட்டிய எண்ணிலிருந்து தொடங்கலாம்: சராசரி 2.02, திட்டவிலக்கம் 0.08 என்றால் எல்லை 2.18. அந்த எல்லையில் உங்களுக்குத் தெரிந்த சுரங்கத்தின் எவ்வளவு பகுதி பிடிபடுகிறது, சம்பந்தமில்லாத வயல் எவ்வளவு சேர்ந்துகொள்கிறது என்று பார்த்து ஏற்றி இறக்குங்கள். விடை தெரிந்த இடத்தில் பயில வேண்டும் என்று வற்புறுத்தியதன் பயன் இங்கேதான் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. சுரங்கத்தில் படம் காட்டுவது தோண்டிக் கொட்டிய கழிவுக் குவியலையும் வெட்டுமுகத்தையும். தோண்டாத நிலத்தில் அதே தாது இவ்வளவு வெளுப்பாகத் தெரியாது. சுரங்கத்தின் நடுவிலிருந்து மாதிரி பிக்சல் எடுத்து, அதே வெளுப்பைக் கன்னி நிலத்தில் தேடினால் ஒன்றும் சிக்காது. சுரங்க எல்லைக்கு வெளியே, நரம்புகள் இயல்பாகத் தலைகாட்டும் விளிம்புப் பகுதியிலிருந்து மாதிரியை எடுங்கள்.

மேலும் நுணுக்கம் தேவையானால் நிறமாலையை நூற்றுக்கணக்கான மெல்லிய துண்டுகளாகப் பிரிக்கும் கருவிகள் இருக்கின்றன. 2022 ஜூலையில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்ற நாசாவின் எமிட் கருவி 285 பட்டைகளோடு 60 மீட்டர் பிக்சலில் படமெடுக்கிறது. அதே ஆண்டு ஏவப்பட்ட ஜெர்மனியின் என்மேப் 30 மீட்டரில் எடுக்கிறது. இவற்றில் 2.30க்கும் 2.32க்கும் 2.34க்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளத்தின் அடிப்புள்ளியைப் பார்த்தே சொல்லலாம். உங்கள் இடத்துக்கு மேகமில்லாப் படம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் இலவச நிறமாலை நூலகத்திலுள்ள மேக்னசைட் வளைவோடு உங்கள் பிக்சலின் வளைவை ஒப்பிடலாம்.

கஞ்சமலை கற்பிப்பது

மேக்னடைட்டைத் தேடிக் கஞ்சமலைக்குப் போனால் மேற்சொன்ன கணக்குகள் பெரிதும் கைவிட்டுவிடும். மேக்னடைட் கறுப்பு, குறுவலை அகச்சிவப்பில் அதற்கென்று ஒரு பள்ளமும் இல்லை. படத்தில் சிக்குவது அது துருப்பிடித்து உண்டான ஹெமடைட்டும் கோதைட்டும். அவையோ சுற்றியுள்ள செம்மண்ணிலும் தாராளமாக உண்டு. இங்கே நிறத்தை விட்டு வடிவத்தைப் பார்க்க வேண்டும். இரும்பும் குவார்ட்ஸும் அடுக்கடுக்காக அமைந்த அந்தப் பாறை அரிப்பை எதிர்த்து நிற்பதால் நீண்ட முகடுகளாக எழுந்திருக்கிறது; மடிந்த அடுக்கின் வளைவு மேலிருந்து பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிகிறது.

இதற்கு உயரப் படம் தேவை. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளக்கப்பட்ட 30 மீட்டர் உயரத் தரவோ கோபர்னிகஸ் உயரத் தரவோ போதும். அதில் செயற்கை வெளிச்சத்தை வடமேற்கு, வடக்கு, வடகிழக்கு, கிழக்கு என்று நான்கு திசைகளிலிருந்து மாற்றி மாற்றிப் பாய்ச்சி நான்கு நிழற்படங்கள் செய்யுங்கள். வெளிச்சத்துக்கு இணையாக ஓடும் கோடு மறைந்துவிடும், குறுக்கே ஓடும் கோடு துலங்கும் என்பதால் ஒரே திசையை நம்பக்கூடாது. முகடுகளையும், நேர்கோட்டில் திடீரெனத் திரும்பும் ஓடைகளையும், வரிசையாக அமைந்த பள்ளத்தாக்குகளையும் கோடுகளாக வரையுங்கள். சேலம்–ஆத்தூர் துணிப்பு மண்டலம் (பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த நீண்ட வலயம்) போன்ற பெரிய கோடுகள் அப்போது தாமே தெரியும். சாலை, ரயில் பாதை, மின்கம்பித் தடம், வாய்க்கால் ஆகியவற்றைப் பிளவுக்கோடு என்று வரைந்துவிடாமல் தெரு வரைபடத்தை மேலே போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தானாகக் கோடு வரையும் மென்பொருள்களை நான் நம்புவதில்லை; அவை ஏரிக்கரையைக்கூட விடுவதில்லை.

ஏமாற்றும் வெளுப்பும் சிவப்பும்

பயிலத் தொடங்கிய காலத்தில், சேலத்துக்குக் கிழக்கே சமவெளியில் பளீரென்று வெளுத்த பத்துப் பன்னிரண்டு புள்ளிகளைக் கண்டுபிடித்து, யாரும் அறியாத மேக்னசைட் என்று பெருமையோடு குறித்துவைத்தேன். நேரில் போனபோது அவை மரவள்ளிக்கிழங்கு மாவையும் ஜவ்வரிசியையும் காயப்போடும் ஆலைக் களங்கள். காவலாளி ஒரு கை ஜவ்வரிசியை அள்ளிக் கொடுத்தார். மாவு நிறைந்த களம் பத்து மீட்டர் பிக்சலில் தாதுவைப் போலவே வெளுத்து நிற்கும். வெறும் பிரகாசத்தை அடையாளமாகக் கொண்டதே என் பிழை. வெப்பக் கார்பனேட் கணக்கைப் போட்டிருந்தால் அந்தப் புள்ளிகள் நீங்கியிருக்கும். வேறு பருவத்துப் படத்தோடு ஒப்பிட்டிருந்தாலும் களம் மாறியிருப்பது தெரிந்திருக்கும்.

சிவப்பிலும் இதே கதை. செங்கல் சூளை, ஓட்டு வீடு, கிராவல் சாலை, புதிதாக உழுத செம்மண் வயல் எல்லாம் இரும்பு ஆக்சைடுக் கணக்கில் தாதுவைவிடப் பிரகாசமாக எழும். காய்ந்த புல்லிலும் சோளத்தட்டையிலும் உள்ள செல்லுலோசும் லிக்னினும் 2.1, 2.3 மைக்ரோமீட்டரில் உறிஞ்சுவதால் கோடையில் அறுவடை முடிந்த வயல் களிமண்போல நடிக்கும். எல்லாவற்றிலும் தந்திரமானது சுக்கான்கல். சிலிக்கா குறைந்த பாறைகளின் மேல் மண்ணில் சுண்ணாம்பு திரண்டு உண்டாகும் இது உண்மையான கார்பனேட்டே என்பதால், 8ஆம் பட்டைக் கணக்கையும் வெப்பக் கணக்கையும் ஒருங்கே ஏமாற்றிவிடும். அதற்குப் படத்தில் தீர்வு இல்லை, களத்தில்தான் உண்டு.

களம்

மிஞ்சிய இடங்களைச் சாலை வசதி, நிலத்தின் உரிமை, அடையாளத்தின் வலிமை ஆகியவற்றைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதி வேண்டும். பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு இறங்க வேண்டும். பள்ளம் தோண்டுவதும் துளையிடுவதும் 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவர்களுக்கே உரியவை. தரையில் கிடப்பதைப் பார்த்து, படமெடுத்து, குறிப்பெழுதி, கையளவு மாதிரி எடுப்பதோடு பயிற்சி நின்றுவிட வேண்டும்.

கைபேசியின் இடங்காட்டி ஐந்து மீட்டர் பிழையோடு காட்டும். ஆஸ்டர் பிக்சல் 30 மீட்டர். ஆகவே ஒரே புள்ளியில் நின்று தீர்ப்பு எழுதாமல், பிக்சலுக்குள் ஐந்தாறு இடங்களில் தரை எத்தனை பங்கு பாறை, எத்தனை பங்கு மண், எத்தனை பங்கு செடி என்று எழுதிக்கொள்ளுங்கள். பையில் ஒரு காந்தம், சுத்தியல், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டுக்குப்பி, கையுறை, கண்ணாடி இருக்க வேண்டும். கறுத்த கல்லைக் காந்தம் இழுத்தால் மேக்னடைட் இருக்கிறது. வெள்ளைக் கல்லின் உடைந்த முகத்தில் ஒரு சொட்டு அமிலம் விடுங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் அது சுக்கான்கல், கால்சைட். பீங்கான்போல வழுவழுப்பாக உடைந்து, குளிர்ந்த அமிலத்தில் ஏறக்குறையச் சும்மா இருந்தால் அது மேக்னசைட்டாக இருக்க வாய்ப்பு மிகுதி. அதைப் பொடியாக்கி, அமிலத்தைச் சூடாக்கினால் நுரைக்கும், ஆனால் அந்தச் சோதனையை வயல்வரப்பில் செய்யாமல் ஆய்வகத்துக்கு விட்டுவிடுங்கள். உறுதி செய்ய எக்ஸ் கதிர் விளிம்புவளைவுச் சோதனை வேண்டும். அதைச் செய்துதரும் பல்கலைக்கழக ஆய்வகங்கள் உண்டு.

பொய்த்த இடங்களையும் மெய்த்த இடங்களைப் போலவே இடக்குறிப்போடும் புகைப்படத்தோடும் பதிவு செய்து, வீடு திரும்பியதும் படத்தின் மேல் இரு நிறப் புள்ளிகளாக ஏற்றுங்கள். பொய்த்த புள்ளிகள் எல்லாம் 2.18க்கும் 2.25க்கும் இடையில் குவிந்திருந்தால் எல்லையை 2.25க்கு உயர்த்திப் படத்தை மறுபடி ஓட்டலாம். வீச்சு முழுவதும் சிதறிக் கிடந்தால் எல்லையில் கோளாறு இல்லை, நீங்கள் தேர்ந்த மாதிரி பிக்சலில்தான் கோளாறு. வேறு விளிம்பிலிருந்து புதிய மாதிரி எடுத்துக்கொண்டு கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.